தெற்கு வீதியில் சூசை அண்ணன் அறுத்த பலகை

செய்தி வந்தபோது நான் திருப்பாதிரிப்புலியூரில் என் பெயர்ப்பலகைக் கடையில் ஒரு வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கடைப் பெயரைவிட போன் நம்பர் பெரிதாக இருக்க வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அந்த நேரத்தில் சூசை அண்ணன் வீட்டு ஸ்டெல்லா அண்ணி போனில் கூப்பிட்டார். "விஜி, அண்ணன் போயிட்டாரும்மா. பூசைக்குக் கிளம்பி சட்டை மாட்டிக்கிட்டு இருந்தாரு. அப்படியே உக்காந்துட்டாரு" என்றார். அண்ணி அழவில்லை, நான்தான் அழுதேன். வாடிக்கையாளர் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சூசைராஜ் ஆசாரியை இங்கே கூடியிருக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும். கடலூர் முதுநகரில் அவர் செய்த கதவைத் திறந்துகொண்டு ஒரு தடவையாவது உள்ளே போகாதவர்கள் உங்களில் இருக்கமாட்டார்கள். ஐம்பது வயதுக்குப் பிறகு அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யக் கற்றுக்கொண்டதும் பலருக்குத் தெரியும். அந்த வேலை அவரை ஒரு நாள் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது அவ்வளவாகத் தெரியாது. நான் பக்கத்தில் இருந்தேன். அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

என் கடைக்கு அலமாரி அடிக்க வந்தவர் அவர். வேலை முடிந்ததும் கிளம்பாமல், நான் வெட்டி வைத்திருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். "இத மரத்துல செஞ்சா எப்படி இருக்கும்? எனக்குச் சொல்லிக்குடு" என்றார். என்னைவிட ரொம்பப் பெரியவர். எனக்கோ வாய் நீளம். இது ஒத்துவராது என்றுதான் நினைத்தேன்.

முதல் சண்டை முதல் பலகையிலேயே வந்தது. எழுத்துக்கு எழுத்து ஸ்கேல் வைத்து ஒரே இடைவெளி விட்டு ஒட்டிக்கொண்டு வந்தார். நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அத்தனையையும் பிடுங்கிப் போட்டேன். "அளவு பொய் சொல்லாது விஜி" என்று முறைத்தார். "படிக்கிறவன் என்ன ஸ்கேலை வச்சுக்கிட்டா படிக்கிறான்? கண்ணாலதான படிக்கிறான்" என்றேன். பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பார்த்தால் எதிர்ப்பக்க டீக்கடையில் நின்றுகொண்டு, எழுத்துகளை மறுபடி அதே மாதிரி ஒட்டி என் கடை வாசலில் சாய்த்து வைத்த பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு ரோட்டைத் தாண்டி வந்து, "நீ சொன்னது சரி. சொன்ன விதம் சரியில்ல" என்றார். நான் சிரித்துவிட்டேன். அதோடு நாங்கள் ஒட்டிக்கொண்டோம்.

அவருக்கு கம்ப்யூட்டர் பிடிக்கவில்லை. பிளைவுட்டில் சுண்ணாம்புக் கட்டியால் முழு அளவில் வரைவார், அழிப்பார், மறுபடி வரைவார். சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து, ஓடுகிற வண்டியிலிருந்து எந்தப் பலகையைப் படிக்க முடிகிறது, எது கண்ணில் நிற்காமல் ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னேன். இறங்கியதும், "பாதிப் பேரு காச தண்டமா செலவழிச்சிருக்கான்" என்றார்.

அந்த சிதம்பரத்தில்தான் அவருக்குப் பெரிய வேலை வந்தது. தெற்கு வீதியில் கலியமூர்த்தி என்பவர் பாத்திரக்கடை மாடி எடுத்துக் கட்டியிருந்தார். சுவரோடு ஒட்டிய பலகை வேண்டாம், இரண்டு பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி வீதிப் பக்கம் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்றார். சூசை அண்ணன் வாயகன்ற தவலைப் பானை ஒன்றைத் தேக்கில் செதுக்கினார். அதன் வயிற்றில் இரண்டு பக்கமும் கடைப்பெயர். மாடி உயரத்தில் சுவரிலிருந்து வெளியே வரும் தேக்கு உத்தரத்தில் அதைத் தொங்கவிட்டார். நான் பார்த்த பலகைகளிலேயே அழகானது அதுதான். பொறாமையாகக்கூட இருந்தது.

தேர் போகும் வீதியாயிற்றே என்று நான் கேட்காமல் இல்லை. அவர் ஏற்கெனவே கீழ வீதியில் தேர் நிற்கும் தகரக்கூட்டுக்குப் போய், காவலாளியிடம் கேட்டு, டேப் போட்டு அளந்துவிட்டு வந்திருந்தார். "ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கேன், போதுமா?" என்றார். இன்னொன்றும் செய்திருந்தார். கடலூர்க்காரனுக்குப் புயல்தான் பயம். உத்தரத்தைச் சுவருக்குள் ஊடுருவ விட்டு, உள்பக்கம் இரும்புத் தகடு வைத்து முடுக்கி, மேலே சிமென்ட்டும் பூசிவிட்டார். "எந்தப் புயலும் இத புடுங்க முடியாது" என்று அதைத் தட்டிக்காட்டினார்.

மார்கழித் தேரன்று கூட்டத்தோடு நின்று தன் பலகையைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நானும் போனேன். முன்னால் வந்த பிள்ளையார் தேர் தவலைக்கு அடியில் சுகமாகப் போயிற்று. கலியமூர்த்தி கடை வாசலில் நின்று எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பெரிய தேர் கீழ வீதி முனையில் திரும்பியது. அண்ணன் என் தோளைப் பிடித்தார். பிடி வலித்தது.

"விஜி, இது நான் அளந்த தேர் இல்ல."

அவர் அளந்தது மரத்தை. ஆசாரிக்கு மரம்தான் தேர். வந்துகொண்டிருந்ததோ சோடித்த தேர். மூலைக்கு மூலை வெளியே நீட்டிய கழிகள், சுற்றிலும் தொங்கி ஆடும் துணித் தொம்பைகள், மேலே விரிந்த சீலைக்கூடாரம். எனக்கே தெரிந்தது, இடிக்கும். இடித்தால் தவலை கீழே வரும், அல்லது கழி முறிந்து வரும். அடியில் வடம் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், தோளில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள்.

ஓடினோம். கலியமூர்த்தி முதலில் நம்பவில்லை. உத்தரத்தை அறுக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னதும் வேறு பிடிவாதம் பிடித்தார். "தேரன்னிக்கு என் கடைப் பேரை அறுக்கறதா? குடும்பத்துக்கே ஆகாது. நட்டைக் கழட்டுங்க" என்றார். நட்டு சிமென்ட்டுக்குள் இருந்தது. தேருக்காகக் கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள், மின்ரம்பத்துக்கும் வழியில்லை. வண்டியிலிருந்து கைரம்பத்தை எடுத்துவர ஓடினார் அண்ணன். அதற்குள் தேருக்கு முன்னால் வரும் ஆட்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டார்கள். விசில் ஊதினார்கள். வடம் தொய்ந்தது. கூட்டத்தில் ஒரு குரல், "எவன்யா இந்த போர்ட மாட்டுனது?"

கலியமூர்த்தி வாய் திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. சும்மா இல்லை, இன்ன மாதிரி என்று சொல்லத் தெரியாத பயம். தேர் நிற்கிறது, வெயில் ஏறுகிறது, ஆயிரம் கண் மேலே பார்க்கிறது. அதில் சூசைராஜ் என்ற கிறிஸ்தவப் பெயரைச் சொன்னால் யார் எப்படி எடுத்துக்கொள்வார்களோ. ரம்பத்தோடு திரும்பி வந்த அண்ணனின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்து, "பேசாம இருங்கண்ணே" என்றேன். அவர் திரும்பாமலே என் கையை எடுத்துவிட்டார்.

"நான்தான் மாட்டுனேன். சூசைராஜ். கடலூரு. அளவு தப்பாப் போச்சு. கொஞ்ச நேரம் குடுங்க, எடுத்துடறேன்."

தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆள் ஒருவர், வேர்வை சொட்டச் சொட்ட முன்னால் வந்தார். அண்ணனையும் அவர் கையிலிருந்த ரம்பத்தையும் பார்த்தார். "ஆசாரியா? அப்ப வெரசா ஏறு. நாங்க முட்டுக் குடுத்து நிறுத்தி வெக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மின்கம்பிகளைக் கழற்றுகிறவர்கள் தங்கள் ஏணியைச் சாத்தினார்கள். அண்ணன் ஏறினார். நானும் கடை ஆட்களும் மாடி ஜன்னல் வழியாகத் தவலைக்குக் கயிறு போட்டு இழுத்துப் பிடித்தோம்.

தேக்கு அறுபட நேரம் எடுத்தது. நல்ல மரமாகப் பார்த்து வாங்கியிருந்தார் பாவி மனுஷன். ரம்பச் சத்தம் வீதி முழுக்கக் கேட்டது. யாரும் திட்டவில்லை. கடைசி நாரில் மரம் முறிகிற ஒலி வந்தபோது கயிறு என் உள்ளங்கையைத் தீய்த்துவிட்டது. தவலையை உள்ளே இழுத்துப் போட்டோம். தேர் கிளம்பியது. தொம்பை ஒன்று ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அண்ணன் ஏணியிலேயே சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் இந்தத் தொழிலை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. அதே தவலையை அதே சுவரில் திரும்ப மாட்டினார், இந்த முறை கீல் வைத்து. தேர் வரும் அன்று கதவைச் சாத்துகிற மாதிரி தள்ளினால் சுவரோடு படிந்துவிடும். கலியமூர்த்தி இப்போதும் தன் கையாலேதான் அதைச் சாத்துகிறார். பக்கத்துக் கடைக்காரர்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கீலை நீங்கள் எல்லோரும் புகழ்ந்திருக்கிறீர்கள். "கதவு செய்யறவனுக்கு வேற என்னா தெரியும்" என்று அவர் சொல்வார்.

கீல் நல்ல யோசனைதான். அது இருக்கட்டும், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். நான் எடுத்துவைத்துக்கொண்டது வேறு.

அடக்கம் முடிந்த மறுவாரம் அண்ணாகிராமத்துப் பக்கம் போனேன். முந்திரிக் கடை ஒன்றுக்கு நான் போட்ட பலகையில் ஓர் எழுத்து மழையில் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அடியில்தான் சனங்கள் மூட்டை இறக்குவார்கள். கடைக்காரர் அதைக் கவனிக்கவே இல்லை. நான் உள்ளே போய், "அந்த போர்டு நான்தான் போட்டேன், சரியாப் போடல, இப்பவே எடுத்துடறேன்" என்றேன். சொல்லும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது, சூசை அண்ணே. அன்றைக்கு உங்களுக்கும் பயமாக இருந்ததா என்று நான் கேட்டதே இல்லை.