நல்லாருக்கேனுங்க

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து ‘நல்லாருக்கீங்களா’ என்று கேட்டால் ‘நல்லாருக்கேனுங்க’ என்றுதான் பதில் வரும். காய்ச்சலில் சுருண்டு கிடப்பவரும் போர்வைக்குள்ளிருந்து அதையேதான் சொல்வார். வேறு எதையாவது சொல்வது, கேட்டவருக்குச் செய்கிற அவமரியாதை.

இது தெரியாத ஒரு சர்தார் டாக்டர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அன்னூருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். பட்டாளத்து டாக்டர். கோயமுத்தூர் தர்ம சங்கம் ஒன்றும் பட்டாளத்தாரும் சேர்ந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். அவருடைய தலைப்பாகை எங்கள் ஊர்ப் பெரியவர்களின் உருமாலைவிட ஒழுங்காக இருந்ததால் ஊருக்கே அவரைப் பிடித்துப்போனது. எங்களுக்காக அவர் ஒரே ஒரு தமிழ் வாக்கியம் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

“நல்லாருக்கீங்களா?”

முதல் ஆள் மூட்டு வலியில் விந்தி விந்தி வந்தவர். “நல்லாருக்கேனுங்க. நீங்க நல்லாருக்கீங்களா?” என்றார். டாக்டர் மகிழ்ந்துபோய், கையில் சத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்து இருமிக்கொண்டே வந்தவரும், இருமல் நின்ற இடைவெளியில், நன்றாகத்தான் இருப்பதாகச் சொன்னார். மதியத்துக்குள் எங்கள் ஊரில் நோயே இல்லை என்றாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் வெளுத்த துணி உடுத்திக்கொண்டு வேறு போயிருந்தோம்.

அப்பாவை அம்மாதான் விரட்டி அனுப்பியிருந்தாள். கொஞ்ச நாளாகவே அவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் வாயு என்பார். ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்து அம்மாவுக்கு அலுத்துப்போயிற்று. அன்றைக்கென்று மாடு கன்று போடுகிற நிலையில் இருந்ததால் அவளால் வர முடியவில்லை. இரண்டாம் வகுப்பு படித்த என்னைக் காவலுக்கு அனுப்பினாள். காவலாளி முன்னிலையிலேயே அப்பா ‘நல்லாருக்கேனுங்க’ என்று சொல்லிவிட்டு, மாத்திரையை வாங்கி என் கையில் கொடுத்தார். அது இனிப்பாக இருந்தது. நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்களுக்குப் பின்னால் பெரியப்பா நின்றிருந்தார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று இரண்டு வருஷமாகியிருந்தது. கிணறும் மோட்டாரும் பொது. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர் முறை. ஒரு தடவை எங்கள் முறையன்று நாள் முழுக்கக் கரண்டு வரவில்லை. அப்படிப் போன முறை போனதுதானா, மறுநாள் கொடுக்க வேண்டுமா என்று ஆரம்பித்த பேச்சு, கடைசியில் பேச்சே இல்லாமல் முடிந்தது. அதன்பிறகு எங்கள் முறையன்றெல்லாம் பெரியப்பா தன் வரப்பில் நின்று எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். “கண்ணு போடறதுக்குன்னே நிக்கறாரு” என்பாள் அம்மா. அவர் பார்த்துவிட்டுப் போன அன்று எனக்கு மிளகாய் சுற்றிப் போடுவாள்.

எங்களை அனுப்பிவிட்ட அந்த நேரத்தில்தான், மருந்து மேசையில் இருந்த தர்ம சங்கத்து அம்மா எழுந்து வந்தார். அவரும் கொங்குக்காரர். விஷயம் புரிந்து, டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு, வரிசையைப் பார்த்துக் கேள்வியை மாற்றிக் கேட்டார்.

“உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, சரி. உங்களுக்குத் தெரிஞ்சவங்க ஆருக்காச்சும் முடியலீங்களா?”

முதல் ஆள் பெரியப்பா. தொண்டையைச் செருமினார்.

“இப்பப் போனானுங்களே, அவனுக்குத்தானுங்க. மோட்டார் போட்டுட்டு நாலு பாத்தி தண்ணி கட்டறதுக்குள்ள மூணு தடவ உக்காந்துக்கறானுங்க. இடது கையி வலிக்குதாட்டிருக்குது, ஒதறி ஒதறி உடறான். வேர்த்துக் கொட்டுதுங்க. ஆரு கேட்டாலும் சொல்லமாட்டானுங்க.”

அவ்வளவுதான், அப்பாவைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். சர்தார் டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சில் குழலை வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. சற்று நேரத்தில் அப்பாவைப் பட்டாளத்து வண்டியில் படுக்கவைத்தார்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு என்றார்கள். செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பெரியப்பா காட்டிக்கொடுத்து அப்பாவைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்து ஊரே கேட்க அழுதேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் வரிசை முழுக்கப் பேச ஆரம்பித்திருந்தது. சம்சாரத்தின் நோவை வீட்டுக்காரரும், பக்கத்து வீட்டு மாமியாரின் நோவை இந்த வீட்டு மருமகளும் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். எனக்குத் துணையாகச் சித்தி வந்தாள். டவுனில் வளர்ந்த அவளுக்குத் தண்ணீர் முறையும் தெரியாது, தகராறும் தெரியாது. ஆகவே தோட்டத்தைக் காக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பெரியப்பாவைச் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. அம்மா ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போகும்வரை காத்திருந்து, அவர் காதோரம் போய்ச் சொன்னேன்.

“அப்பா, பெரியப்பா நம்ம தோட்டத்துக்குள்ள பூந்துட்டாருங்க. மம்பட்டியில நம்ம பாத்தியெல்லாம் ஒடைக்கறாரு. நான் பார்த்தேன்.”

“எப்ப அம்மணி?”

“நேத்துங்க. முந்தாநேத்து நம்ம முறை, அன்னிக்குப் பூராக் கரண்டே இல்ல. நேத்து அவரு முறை. அவரு தோட்டத்துல நிக்காம நம்ம மஞ்சக் காட்டுக்குள்ள நின்னுட்டிருந்தாரு.”

அப்பா தலையணையிலிருந்து நிமிர்ந்தார். “தண்ணி எந்தப் பக்கம் போச்சு?” என்று கேட்டார்.

“நம்ம பக்கந்தானுங்க. சாயங்காலம் வரைக்கும்.”

தண்ணீர் பாய மடையை வெட்டிவிடுவதற்கும் பாத்தியை உடைப்பதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாததல்ல. தோட்டத்தில் பிறந்த பிள்ளை. ஆனால் அதைச் செய்வது பெரியப்பா என்றால் உடைப்புதான்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. இத்தனை பாத்தி போய்விட்டதே என்றுதான் அழுகிறார். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

“அழாதீங்கப்பா. நான் பெருசானதும் அவருகிட்ட நாயம் கேக்கறேன்.”