நீலத் தாள் பிரிக்காத கைப்பிடி

எங்கள் சோபா வாங்கி ஏழு வருடம் ஆகிறது. பிளாஸ்டிக் உறையை நான் இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்து எழுந்தால் தொடை ஒட்டும். ஒட்டினால் என்ன, சோபா புதுசு! கானா நாட்டின் குமாசி சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் கொனாடு, அதாவது நான், அப்படிப்பட்ட ஆள்.

போன வருடம் கூடத்துக்கு வெள்ளையடித்து, தங்க நிறத் திரை மாட்டினேன். உடனே மாடிப்படியின் பச்சை இரும்புக் கைப்பிடி கண்ணை உறுத்தியது. ஹாம்பர்க்கிலிருந்து தங்கை செவா கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தது. அவள் வாயைப் பிளக்க வேண்டாமா? பழையதை அறுத்தெறிந்துவிட்டு, தங்கக் குண்டுகள் வைத்த எவர்சில்வர் கைப்பிடி போட்டேன். கீறல் விழாமலிருக்க அதன்மேல் ஒட்டி வந்த நீலத் தாளை வெல்டர் உரிக்கப் போனார். அவர் கையைத் தட்டிவிட்டேன்.

என் கணவர் போவாக்யேவுக்கு முழங்கால் மோசம்.

"அதப் புடிக்காதீங்க, தாள் கிழிஞ்சிரும்! செவா வரட்டும்," என்றேன்.

அவர் பிடிக்கவில்லை. படிப்படியாக உட்கார்ந்தே இறங்கினார். மாமரத்தடியில் கட்டம் போட்ட பலகையில் காய் நகர்த்தி டாமே ஆடும் அவருடைய கூட்டாளிகள் விடுவார்களா?

"வந்துட்டாருய்யா, கால்சட்டையால படி தொடைக்கிறவரு!"

கொஞ்ச நாளில் இறங்குவதையே விட்டுவிட்டார். மாடி ஜன்னலில் நின்று, காயை எங்கே நகர்த்த வேண்டும் என்று கத்துவார். கீழே ஒருவரும் கேட்க மாட்டார்கள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தாளை உரிக்க எனக்கு மனசு வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்ன செவா ஈஸ்டருக்குத்தான் வந்தாள். திரையைப் பார்க்கவில்லை, கைப்பிடியையும் பார்க்கவில்லை. அவளை வரவேற்கப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்த என் கணவரைத்தான் பார்த்தாள்.

"அக்கா, அத்தான் ஏன் இப்படித் தவழ்ந்து வர்றாரு?"

பாதிப் படியில் மூச்சு வாங்கியபடி அவரே பதில் சொன்னார். "இந்தக் கைப்பிடி உனக்குத்தாம்மா. எனக்கு இன்னும் வாங்கல."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஓடிப்போய்த் தாளைப் பிடித்து இழுத்தேன். நகத்தளவு வந்தது. ஜன்னல் வெயிலில் மாதக்கணக்காக வெந்து, பசை கைப்பிடியோடு ஒன்றாகிவிட்டிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினோம், எலுமிச்சை தேய்த்தோம். விமானத்தில் வந்த உடையோடு செவாவும் முட்டி போட்டுச் சுரண்டினாள். கம்பியில் தாள் அப்படியே இருக்க, குண்டுகளில் தங்கம் மட்டும் உரிந்து வந்தது.

"அக்கா, ரொம்ப அழகா இருக்கு," என்றாள் செவா, சிரிப்பை அடக்க முடியாமல்.

அதுவரை படியிலேயே உட்கார்ந்திருந்தவர் கைப்பிடியைப் பற்றி மெல்ல எழுந்தார். உள்ளங்கை பசையில் ஒட்டிக்கொண்டது.

"கொனாடு, போதும் விடு. இப்பத்தான் நல்லாப் புடிக்குது."

நின்றபடியே கடைசிப் படிவரை இறங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விட்டார். அங்கே பெரிய கைதட்டல் கேட்டது.

நான் சோபாவில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். எழுந்தபோது தொடை ஒட்டியது.