கேசட்டில் ஒட்டியிருந்த பெயர்

பட்டியல் போடுவதில் என்னை மிஞ்ச போர்ட் பிளேயரில் ஆள் கிடையாது. என் மனைவி இதைத் தற்பெருமை என்பாள். நான் தகவல் என்பேன். டெலானிபூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வருடக்கணக்காகக் கோப்புகளுக்கு எண் போட்டு அடுக்கியவன் நான். எந்தக் கோப்பைக் கேட்டாலும் டீ ஆறுவதற்குள் எடுத்துக் கொடுப்பேன். அதனால், நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பாடிய தமிழர்களுக்கெல்லாம் இணையத்தில் ஒரு தரவுத்தளம் வேண்டும் என்று நண்பர்கள் மாதக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தபோது, எனக்குப் பொறுமை போய், நானே தொடங்கிவிட்டேன்.

முறை எளிது. கலைஞர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் கீழே அவருடைய பதிவுகள். பழைய கேசட்டுகளை வாங்கி, கணினியில் ஏற்றி, பாட்டை மட்டும் வெட்டி எடுத்துப் போடுவேன். பேச்சு, இருமல், பாத்திரம் விழும் சத்தம் எதுவும் இருக்காது. "பாட்டு மட்டும்" என்பது நானே வகுத்த விதி. அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

குட்வில் எஸ்டேட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் ஒருநாள் ஒரு பை நிறைய கேசட் கொடுத்தார். ஷாதிபூரில் இருக்கும் ஓர் அம்மா சுத்தம் செய்யக் கொடுத்தவையாம். இணையத்தில் போடலாமா என்று கடைக்காரரே அந்த அம்மாவிடம் கேட்டு, சம்மதமும் வாங்கியிருந்தார். எல்லாக் கேசட்டிலும் அந்த அம்மாவின் பெயர் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. உள்ளே ஒரே பெண்குரல். தாலாட்டு, கும்மி, மாரியம்மன் பாட்டு. தகரக் கூரையில் மழை பெய்வதைக்கூடப் பொருட்படுத்தாத குரல். நான் மயங்கிப்போனேன். அந்த அம்மாவின் பெயரில் பக்கம் திறந்து, அத்தனை பாட்டையும் ஒரே வாரத்தில் ஏற்றினேன். அவரை நேரில் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. பெயர்தான் ஒட்டியிருக்கிறதே.

இரண்டு மாதம் கழித்து அவரே என் அலுவலகத்துக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கைப்பேசியில் என் பக்கத்தைத் திறந்து நீட்டினார்.

"சார், இது யாரு பாடினது?"

"நீங்கதாம்மா."

"நானா? எனக்குக் கோயில்ல கோரஸ் பாடக்கூட வராது."

"கேசட்டுல உங்க பேருதானே ஒட்டியிருந்துச்சு?"

"மெயின்லேண்ட்லேர்ந்து உங்க வீட்டுக்கு ஊறுகா பாட்டில் வந்தா, அதுல யாரு பேரு ஒட்டியிருக்கும்?"

"எங்க அப்பா பேரு."

"அப்ப ஊறுகா போட்டது உங்க அப்பாவா?"

தீவில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதை ஒருவர் சொல்லித்தரவேண்டியதில்லை. கப்பலில் வரும் யாரோ ஒரு பயணியிடம் பொருளைக் கொடுத்தனுப்புவோம். வாங்கவேண்டியவர் பெயரும் இடமும் மேலே ஒட்டியிருக்கும். அனுப்பியவர் பெயரை யாரும் எழுதுவதில்லை, வாங்குகிறவருக்குத்தான் தெரியுமே.

பாடியது அவருடைய அக்கா. குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேறியது. தங்கை கல்யாணமாகி ஷாதிபூருக்கு வந்துவிட்டார். அக்கா அங்கேயே ரப்பர்ப் பால் எடுக்கும் வேலையில் இருந்துவிட்டார்.

"அக்காவோட மருமகன் போன்ல இத அக்காகிட்டக் காட்டிருக்காரு. 'எம்பாட்டையெல்லாம் உம்பேருல போட்டுக்கிட்டியா'ன்னு அக்கா எனக்குப் போன் போட்டு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டுச்சு. பொறவு போனே எடுக்கல. பொங்கலுக்குப் பொங்கல் கப்பலேறி வரும் சார். இந்த வருசம் டிக்கெட்டே வேணாம்னுருச்சாம்."

"பத்து நிமிஷ வேலைம்மா. இப்பவே பேர மாத்திடறேன்."

"மாத்துங்க. எங்க அக்காவ மாத்த எத்தன நிமிசம் ஆவும்?"

மாற்றினேன்; தங்கையிடம் எண் வாங்கி, அக்காவின் மருமகனுக்கும் செய்தி அனுப்பினேன். மறுநாளே மருமகன் பதில் அனுப்பினார். "பாத்தியா, கேட்டதும் பயந்துக்கிட்டு மாத்திட்டா" என்றாராம் அக்கா. தவறு என்னுடையது என்று நான் நீளமாக எழுதி அனுப்பினேன். "சர்க்கார் ஆளையும் சேத்துக்கிட்டாளா" என்று அதற்கும் பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சரி, கேசட்டையே சாட்சிக்கு அழைப்போம் என்று, வெட்டாத மூலப்பதிவுகளை முதல்முறையாக முழுதாகக் கேட்டேன். ஒவ்வொன்றிலும் பாட்டுக்கு முன்னால் நெடுநேரம் பேச்சு. "தங்கச்சி, கேக்குதா? கையில வெட்டுப்பட்டத உங்கிட்ட சொல்ல வேணாம்னு பாத்தேன், சொல்லிட்டேன்." "நீ கேட்ட மாதிரி மெதுவாத்தான் பேசுறேன், அழுவாம கேளு." நான் கத்தரித்துப் போட்டது இதைத்தான். வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்தடவை என் விதிமேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

அந்தப் பேச்சுகளை மருமகனின் போனுக்கு அனுப்பினேன். கூடவே என் குரலில் ஒன்று: "அம்மா, நான் பாட்டத்தான் கேட்டேன். இதக் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா யாரு யாருக்கு அனுப்பினதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். உங்க தங்கச்சிக்கு ஒண்ணுமே தெரியாது."

மூன்று நாள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கேசட்டில் பாடிய அதே குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன்.

"இத்தன வருசமா அவ எல்லாத்தையும் வச்சிருந்தாளா?"

"ஒண்ணுவிடாம. சுத்தம் பண்ணக் கொடுத்ததும் அதுக்குத்தாம்மா."

"பேசினதுதான் சார் கேசட்டு. டேப்பு மிச்சம் கெடக்கேன்னு பாடினதுதான் பாட்டு. பேச்ச எல்லாருக்கும் போட்டுராதீங்க. அது அவளுக்கு."

போடவில்லை. அக்காவின் பக்கத்தில் பாட்டுகள் மட்டும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பாட்டின் கீழும் "தங்கைக்கு அனுப்பியது" என்று ஒரு வரி சேர்த்தேன். என் முறையில் அப்படி ஓர் இடம் இல்லை. உண்டாக்கினேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் ஹட்டோ ஜெட்டியில் நானும் அந்தத் தங்கையோடு நின்றேன். அக்கா கப்பலிலிருந்து இறங்கி வந்தார். குட்டையான, கறாரான பெண்மணி. தங்கையை மேலும் கீழும் பார்த்தார். "என்னா இப்புடி எளச்சிட்ட" என்றார். தங்கை பையை வாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பி அழுதார். நான் கடலைப் பார்த்தேன்.

பிறகு அக்கா பைக்குள் கைவிட்டு ஓர் ஊறுகாய் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். மேலே காகிதம் ஒட்டியிருந்தது. என் பெயர்.

"பாத்து சார்" என்றார் தங்கை, கண்ணைத் துடைத்தபடியே. "இதையும் நீங்க போட்டதா எழுதிராதீங்க."