சட்டைப்பைக்கு அடியில்

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் வஹீதா துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு விரிப்பு தைக்கிறார். புதுத்துணியின் மினுக்கலைக் கண்டாலே அவருக்கு எரிச்சல். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி, அலசி, மாடி வெயிலில் வெளுக்கவிட்ட பிறகுதான் கத்தரியைத் தொடுவார்.

ஸ்ரீரங்கத்து வேணி, இறந்துபோன கணவரின் வெளிறிய நீலச் சட்டையைத் தலையணை உறையாகத் தைக்கக் கொண்டுவந்தார். துணி போதவில்லை. வஹீதா புது நீலத்துணி வாங்கி, சட்டையின் நிறத்துக்கு வெளுத்துவிட்டார். வேணி மறுபடி வந்தபோது இரண்டையும் சேர்த்துக் காட்டினார்.

"இனி எது பழசு, எது புதுசுன்னு யாருக்கும் தெரியாதுங்க."

பிறகு சட்டைப்பையைப் பிரித்தார். அதனடியில், வெயில் படாத ஒரு சதுரம் மட்டும் கருநீலமாக இருந்தது.

"கடையில எடுத்த அன்னிக்கு இந்தக் கலர்தாங்க" என்றார் வேணி.

வஹீதா ஜன்னலைச் சாத்த எழுந்தார். அதற்குள் வேணி, வெயில் படாமல் அந்தச் சதுரத்தை உள்ளங்கையால் மூடியிருந்தார்.