கோப்பின் தலையில் இருந்த பெயர்கள்

அடையாறில் ஒரு கண் மருத்துவமனை. மருந்து விட்டுக்கொண்டு மூடிக்கிடக்கும் கண்கள், வரிசை வரிசையாக. சுவர் ஒலிபெருக்கியில் அக்கா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அக்கா மயிலாப்பூரில்தான் இருக்கிறார். என்னோடு பேசிப் பல வருடமாகிறது. குரல் மட்டும் இப்படி ஊரெல்லாம் வேலை பார்க்கிறது. யாருடைய குரல் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியாதபடி செய்தவன் நான்.

பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் அவர். திரையிலுள்ள தமிழைப் பார்வையற்றோருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளை எழுதி, தன் குரலையே அதற்குக் கொடுத்து, இணையத்தில் இலவசமாகப் போட்டார். ஒவ்வொரு மாற்றத்தையும் ஏன் செய்தோம் என்று வலைப்பதிவில் விளக்குவார். அவரோடு சேர்ந்து அதில் உழைத்த நாங்கள் சிலர் ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயிலின் பின்னறையில் கூடுவோம். மெழுகு வாசனையும் மடிக்கணினிச் சூடும் கலந்து கிடக்கும். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். உழைத்தவர்களின் பெயர்கள் மட்டும் நிரல் கோப்பின் தலையில் இருக்கவேண்டும். அக்கா வைத்த ஒரே நிபந்தனை அது. ஆபரேட்டர் அண்ணன் பெயரும் அதில் இருந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். ஆற்றோரத்து வீட்டை இடித்து ஊருக்கு வெளியே அனுப்பிவிட்ட பிறகும் இரண்டு பஸ் மாறி வருவார். உச்சரிப்பில் சின்னப் பிசகு என்றாலும் அவர் காது பிடித்துவிடும். “நான் இன்னாக்கா பண்ணேன், சும்மா கத்திக்கினு இருந்தேன்” என்பார். “கத்துனதும் வேலைதான், உக்காருங்க” என்பார் அக்கா. புதிய பதிப்பு வந்ததும் முதல் காரியமாகத் தன் பெயரை வாசிக்கவிட்டுக் கேட்பார் அண்ணன். என் பெயரின் நடுவில் மட்டும் அந்தக் குரல் தடுக்கி விழும். “நைனா பேர சொல்லி முடிக்கறதுக்குள்ள என் பஸ்ஸு பூடும்” என்று அவர் சிரிக்க, ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அதைச் சரிசெய்தார் அக்கா.

பிறகு தி.நகர் நிறுவனம் ஒன்று வந்தது. எனக்கு வேலை, அக்காவின் மென்பொருள் அவர்களுடைய சரக்கு, இதுதான் பேரம். “கோப்புக்கு மேல இத்தனை பேரு எதுக்கு சார்? கிளீன் பண்ணிக் குடுத்துடுங்க” என்றார் மேலாளர். மூலக் கோப்பில் கைவைக்கும் உரிமை அக்காவுக்கும் எனக்கும் மட்டுமே இருந்தது. குடும்பம், வயது என்று காரணம் எழுதக் கை வருகிறது, எழுதமாட்டேன். ஆசை, அவ்வளவுதான். ஒரு மத்தியான வேளை, காபி ஆறுவதற்குள் அத்தனை பெயர்களையும் அழித்தேன்.

அடுத்த ஞாயிறு அண்ணன் கோப்பைத் திறந்து காது கொடுத்தார். “இன்னாக்கா, எம்பேரு காணோம்?” எங்கள் தொழிலில் எதை அழித்தாலும் அழித்தவன் பெயர் மாற்றக் குறிப்பில் தானாக ஏறிவிடும். எனக்குத் தெரியாததா? யார் பார்க்கப்போகிறார்கள் என்றிருந்துவிட்டேன். அக்கா அந்தக் குறிப்பை வாசிக்கவிட்டார். ‘பெயர்கள் நீக்கப்பட்டன. நீக்கியவர்’ என்று சொல்லி, அக்காவின் குரல் என் பெயரைச் சொன்னது, எங்கும் தடுக்காமல். அண்ணன் முகத்தை என் பக்கம் திருப்பினார். “உம்பேர நல்லா சொல்லுது நைனா.”

பெயர்களை அன்றைக்கே அக்கா திரும்பப் போட்டார். ஆனால் பெயரில்லாத பிரதி அதற்குள் தி.நகருக்குப் போய்விட்டிருந்தது, அங்கிருந்து ஊரெல்லாம் விற்பனைக்கும். பின்னறையில் அதன்பின் யாரும் கூடவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது. முதல் ஆள்குறைப்பிலேயே போகவும் போனது.

ஒலிபெருக்கி கரகரக்கிறது. அக்கா என்னைக் கூப்பிடுகிறார். தன் வாயால் இனி சொல்லமாட்டாத பெயரை, அத்தனை சுத்தமாக. எழாமல் உட்கார்ந்திருக்கிறேன். மறுபடியும் கூப்பிடுகிறார். என் கையிலிருக்கும் சீட்டில் பெயரை எட்டிப் பார்த்த, யாருக்கோ துணையாக வந்திருக்கும் பக்கத்து இருக்கை அம்மா முழங்கையால் இடிக்கிறார்: “உங்களத்தாங்க. எவ்ளோ தன்மையா கூப்புடறாங்க, போங்க.”