பரிசீலனை அக்கா ஒரு பக்கம் சாய்ந்த கதை

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் பதில் கடிதம் எழுதுவது அவள் வேலை. அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதினாலும், தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்று எழுதினாலும் பதில் ஒன்றுதான்: 'தங்கள் புகார் பெறப்பட்டது. உரிய பரிசீலனைக்குப் பின் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்.' யார் பரிசீலிப்பார்கள், எப்போது, தக்க நடவடிக்கை என்றால் என்ன என்றெல்லாம் கேட்கக் கூடாது. படித்தவர்களுக்குக் கோபம் வரும், ஆனால் எந்த வார்த்தையின் மேல் கோபப்படுவது என்று பிடிபடாது. அப்படி ஒரு கைவண்ணம். ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பவர்கள் அவளுக்குப் 'பரிசீலனை அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அக்கா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

பிரிவுத் தலைவர் ஓய்வு பெறப் போகிறார் என்றதும்தான் சங்கடம் வந்தது. மூப்பின்படி அந்த நாற்காலி அக்காவுக்குத்தான். ஆனால் பட்டதாரிதான் அதில் உட்காரலாம் என்று எந்தப் புண்ணியவானோ விதி எழுதி வைத்திருந்தார். பக்கத்து மேசைக்காரர் பட்டதாரி. 'பெறப்பட்டது' என்று முடிப்பதா, 'கிடைத்தது' என்று முடிப்பதா என்று இன்றைக்கும் அக்காவிடம் வந்து நிற்பவர். அவருக்குக் கீழே உட்காருவதா? அக்கா மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள். எல்லாப் பாடத்தையும் ஊதித் தள்ளினாள், வாதக் கட்டுரை என்ற ஒன்றைத் தவிர. அது இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதும் திரும்பினால் பட்டமும் போச்சு, நாற்காலியும் போச்சு.

வாத்தியார் அவளைவிட வயதில் சின்னவர். விளம்பரப் பலகைகள் நகரத்துக்குத் தேவையா என்று அவள் எழுதியிருந்த கட்டுரையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், கடைசிப் பக்கம் எங்காவது விழுந்துவிட்டதோ என்பதுபோல.

"மேடம், இதுல நீங்க எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் எழுதியிருக்கேனே சார். 'தேவை என்போரும் உண்டு, தேவையில்லை என்போரும் உண்டு. தக்க முடிவு எடுக்கப்படுவது நலம்.'"

"அது தெரியுது. உங்களைத்தான் காணோம்." அவர் பொறுமையாகச் சொன்னார். "முதல்ல ஒரே ஒரு வரி எழுதுங்க. அதைப் படிச்சதும் யாராவது 'அதெப்படி?'ன்னு சண்டைக்கு வரணும். அப்புறம் காரணம். ஒவ்வொரு காரணத்துக்கும் ஆதாரம். எதிர்த்தரப்பு என்ன சொல்லும்னு அவங்க வாயாலயே சொல்ற மாதிரி நியாயமா எழுதிட்டு, அதுக்குப் பதில் சொல்லணும். இதை எல்லாம் ஒரு தாள்ல திட்டம் போட்டுட்டு அப்புறம் கட்டுரையை ஆரம்பிங்க."

"சண்டைக்கு வர்ற மாதிரி எழுதினா வம்பாயிடுமே சார்?"

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "என்கிட்ட சண்டை போடுறப்போ மட்டும் உனக்கு ஒரு பக்கம் இருக்கே, காரணம், ஆதாரம் எல்லாம் அருவி மாதிரி கொட்டுதே. அதையே எழுதேன்."

கிண்டல்தான். ஆனாலும் அக்கா யோசித்தாள். எதை நினைத்தால் தனக்கு அப்படிக் கோபம் வருகிறது? அந்தப் புகார் ஜன்னல்! நாள் முழுக்க அதில் தலையை நீட்டிக்கொண்டு வந்து கத்துகிறார்கள். உட்கார்ந்தாள், எழுதினாள்: 'நேரில் புகார் கேட்கும் ஜன்னலை மூடிவிட வேண்டும்.' இத்தனை வருடத்தில் அவள் எழுதிய முதல் வாக்கியம் அது என்று சொல்லலாம். மற்றவை எல்லாம் வார்த்தைகள்தான். நேரம் வீணாகிறது, கூச்சலில் வேலை கெடுகிறது, தபால் எதற்கு இருக்கிறது என்று காரணங்கள் மளமளவென்று வந்தன.

வாத்தியார் முகம் மலர்ந்தது. பிறகு ஓர் இடத்தில் விரலை வைத்தார். "எதிர்த்தரப்புன்னு 'சிலர் இதை எதிர்க்கக்கூடும்'னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. யாரு மேடம் அந்தச் சிலர்? ஒருத்தரையாவது கேட்டீங்களா?"

கேட்பதாவது! புகார்ப் பிரிவில் கேட்கிற பழக்கமே கிடையாது. ஆனால் கேட்காமல் முடியாது போலிருந்தது. மறுநாள் ஜன்னலில் முதல் ஆளாக நின்றவர் சொட்டு அண்ணன். வீட்டுச் சுவர் ஓயாமல் சொட்டுவதாகப் புகார் கொடுத்து அந்தப் பெயரை வாங்கியவர். அக்கா அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். அவர் பயந்துபோய் விளிம்பிலேயே உட்கார்ந்தார்.

"இந்த ஜன்னலை மூடிட்டா என்னண்ணே? தபால்ல அனுப்பிடலாமே?"

"அனுப்பாமயாம்மா இருக்கேன்? தெருவுல உங்க ஆளுங்க பள்ளம் தோண்டினாங்க, எங்க குழாய்ல இடிச்சு விட்டுட்டு மண்ணைப் போட்டு மூடிட்டுப் போயிட்டாங்க. அன்னையில இருந்து சுவர் ஊறுது. பொண்டாட்டிக்கு மூச்சிரைப்பு. கட்டிலை நடு வீட்டுக்கு இழுத்துப் போட்டிருக்கோம். எழுதினேன், பதில் வந்துச்சு. மறுபடி எழுதினேன், அதே பதில் வந்துச்சு. கடுதாசிக்கு மூஞ்சி இல்லையேம்மா. இங்க வந்து கேட்டா, நீங்க பதில் சொல்லாம தலையைக் குனிஞ்சுக்கறதாவது கண்ணுக்குத் தெரியுது."

அக்கா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். இப்போதும் தலையைக் குனிந்துதான் எழுதினாள்.

சாயங்காலம் அவருடைய வாதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். 'இவ்வாறான இடர்ப்பாடுகள் உரிய முறையில்' என்று பேனா தானாக ஓடியது. அடித்தாள். 'தக்க' என்று ஆரம்பித்தது. அதையும் அடித்தாள். சொட்டு அண்ணன் சொன்ன அந்தக் கட்டில் நடு வீட்டிலேயே கிடந்தது. எந்த வார்த்தையைப் போட்டும் அதை நகர்த்த முடியவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் பாதிப் பேரின் சுவரில் தன் கையெழுத்தும் ஊறிக்கொண்டிருக்கிறது என்று பட்டது.

திட்டத்தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். மேலே ஒரு வரி: 'மூட வேண்டியது ஜன்னலை அல்ல, எங்கள் பதில் கடிதத்தை.' கீழே காரணங்கள். ஆதாரத்துக்கு அலைய வேண்டியதே இல்லை, எல்லாம் அவள் எழுதியவைதான். எதிர்த்தரப்பு என்ற இடத்தில் தன்னையே உட்கார வைத்தாள். ஆள் குறைவு, வேலை அதிகம், வாக்குக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று தனக்காக நியாயமாகவே வாதாடிவிட்டு, ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். கணவர் எட்டிப் பார்த்து, "யாரை இப்படி வாங்கு வாங்குன்னு வாங்குற?" என்றார். "என்னைத்தான்" என்றாள். அவர் துணி மடிக்கப் போய்விட்டார்.

வாத்தியார் கட்டுரையின் அடியில் 'இப்போது ஆள் தெரிகிறது' என்று எழுதிக் கொடுத்தார். பட்டம் வந்தது, நாற்காலியும் வந்தது. பக்கத்து மேசைக்காரர் மனமார வாழ்த்தினார், அல்லது அப்படித் தெரியும்படி பல்லைக் காட்டினார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அக்கா முதலில் சொட்டு அண்ணனுக்குத்தான் கடிதம் எழுதினாள். 'உங்கள் சுவர் ஊறுவதற்குக் காரணம் எங்கள் ஆட்கள் உடைத்த குழாய். தவறு எங்களுடையது. வியாழக்கிழமை காலை ஆள் வந்து சரிசெய்வார்.' இதைவிட ஆணித்தரமாக யார் எழுத முடியும் என்று பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் சொட்டு அண்ணன் அந்தக் கடிதத்தோடு ஜன்னலில் வந்து நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று அக்கா எழுந்தே போனாள்.

"அம்மா, ஒரு புகார் எழுதிக்கங்க. உங்க ஆபீஸ் பேர்ல யாரோ போலி லெட்டர் போடுறாங்க."

"போலி இல்லண்ணே. நான்தான் எழுதினேன்."

"நீங்களா?" அவர் கடிதத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "தப்பு எங்களோடதுன்னு எழுதியிருக்கும்மா. ஒரு பரிசீலனைகூட இல்ல. யார் நம்புவாங்க? என்ன ஆதாரம்?"

'பரி' வரைக்கும் வாய்க்கு வந்துவிட்டது. அக்கா அதை விழுங்கினாள். குழாய் ஃபிட்டரைக் கூப்பிட்டுச் சாமான் பையை எடுக்கச் சொன்னாள், பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் அவர் அருகில் நின்றாள்.

"வாங்கண்ணே, வீட்டுக்குப் போலாம்."

அவர் நகரவில்லை. "இன்னைக்கு வியாழக்கிழமை இல்லையேம்மா" என்றார் சந்தேகத்தோடு.