உள்ளே போகாத ஐந்தாவது தோட்டா

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் என் நைனா திருத்தணி பஜாரில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்றார். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். காவலுக்கு ஆள் அனுப்பும் ஒரு கம்பெனி அவரை அங்கே நிறுத்தியிருந்தது. சட்டை, தொப்பி, துப்பாக்கி, தோட்டா எல்லாம் கம்பெனியுடையவை. மீசை ஒன்றுதான் சொந்தம் என்பாள் அம்மா.

பள்ளி விட்டதும் நேராக வங்கிக்குப் போய், அவர் வேலை முடியும்வரை உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். கிருத்திகை நாட்களில், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மலையிலிருந்து இறங்கியவர்கள் ஏடிஎம் வாசலில் வரிசையில் நிற்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் துப்பாக்கியை வாய் பிளந்து பார்க்கும். அவர் என் நைனா என்று தெரியட்டும் என்பதற்காகவே நான் எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வருவேன்.

சாயங்காலம் துப்பாக்கியை இரும்பு பீரோவில் வைப்பதற்குமுன் தோட்டாக்களை வெளியே எடுப்பார். சுடும் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் உண்டு. அதற்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். மொத்தம் ஐந்து. அவற்றை எண்ணிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

அந்தக் கோடையில் கம்பெனியிலிருந்து புதுத் தோட்டாப் பெட்டி ஒன்று வந்தது. நான்கு தோட்டாக்கள் உள்ளே போயின. ஐந்தாவது போகவில்லை. நைனா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு பதிவேட்டில் 'நான்கு' என்று எழுதிவிட்டுக் கம்பெனிக்குப் போன் செய்தார். இரண்டு முறை செய்தார். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் வந்தார்.

வங்கி மூடியிருந்த நேரம். மேனேஜரும் அங்கே நின்றிருந்தார்.

"துப்பாக்கிக்கு அஞ்சு. நீ ஏன் நாலுன்னு எழுதிக்கினு வர்ற? கரும்புத் தோட்டத்துக்காரன் எவனாவது பன்னி சுட ஒண்ணு கேட்டானா?"

"அஞ்சும் இங்கதான் கீது சார்" என்று நைனா ஐந்தாவதை மேசைமேல் வைத்தார். "பழைய பெட்டில எழுபது மில்லிமீட்டர்னு போட்டிருந்துச்சு. இது எழுபத்தாறு. நீளம் ஜாஸ்தி, அதான் நாலுக்கு மேல புடிக்கல. அது கூட பரவால்ல சார். துப்பாக்கி மேலயே எழுபதுன்னு அடிச்சிருக்குது. இத்தப் போட்டு சுட்டா சுடறவன் கை போயிடும்."

சூப்பர்வைசர் என்னிடம் ஸ்கேல் வாங்கி அந்தத் தோட்டாவை அளந்தார். அறுபத்து நான்குதான் இருந்தது.

"பெட்டில எழுபத்தாறு. ஸ்கேல்ல அறுபத்திநாலு. எத்தய்யா நம்பறது?"

மேனேஜர் சிரித்தார். தோட்டாவின் வாய் மடித்து மூடப்பட்டிருக்கும், சுட்டதும் அந்த மடிப்பு விரிந்து நீளும், பெட்டியில் போடுவது விரிந்த அளவு என்று நைனா நிதானமாகச் சொன்னார்.

"கத சொல்லாத" என்றார் சூப்பர்வைசர்.

என் நைனாவை ஒருவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். அதில் ஒரு காலித் தோட்டா இருந்தது. வருடத்திற்கு ஒருமுறை காவலாளிகளைச் சுட்டுப் பழகக் கம்பெனியில் அழைத்துப் போவார்கள். அந்த வருடம் போனபோது நான் காய்ச்சலில் கிடந்தேன் என்று அதை எனக்காகக் கொண்டுவந்திருந்தார். சிவப்பு பிளாஸ்டிக், பித்தளை அடி. பென்சில் துண்டுகளை அதில்தான் போட்டு வைத்திருந்தேன்.

"சுட்டா நீளமாயிடும் சார். இந்தாங்க, அளந்து பாருங்க."

மேனேஜர் வாங்கி அளந்தார். சரியாக எழுபது. பீரோவில் மிச்சமிருந்த சுடாத பழைய தோட்டா ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அது குட்டையாக இருந்தது. "அவர் சொல்றது சரிதான் போலயே" என்றார்.

சூப்பர்வைசர் காலித் தோட்டாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெட்டியை வாங்கி அனுப்பியவர் அவர்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க கிடைச்சுது பாப்பா?"

"நைனா குடுத்தாருங்க."

"கெட்டிக்காரி" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

நைனா நேராக நின்றார், பரேடில் நிற்பது மாதிரி. என்னைத் தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

வீடு வரைக்கும் நானே பேசிக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் முதலிலிருந்து நடித்துக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக்கூட யாரும் கூப்பிடவில்லை.

சுட்ட தோட்டாவின் கூட்டையும் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கம்பெனிப் பொருளை வீட்டுக்கு எடுத்துப் போனதாக எழுதி, அந்த வாரமே நைனாவை நிறுத்திவிட்டார்கள். துப்பாக்கி கனமாக இருக்கிறது, அதனால் விட்டுவிட்டேன் என்று அவர் என்னிடம் சொன்னார். ஒரு கல்யாண மண்டபத்தில் விசிலும் தடியுமாக வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் வேலைக்குப் போனார். நான் வகுப்பில், பெரிய ஆபீசரை ஸ்கேலால் ஜெயித்த கதையை வருடம் முழுக்கச் சொன்னேன்.

மழைக்காலத்தில் ஒருநாள், வங்கியில் கூட்டிப் பெருக்கும் அக்காவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம்.

"நீ போன மறுவாரமே பழைய அளவுத் தோட்டா வந்துடுச்சுண்ணா" என்றார் அந்த அக்கா. "இப்ப நிக்கற பையன் அஞ்சும் போடறான்."

"ஆங்" என்றார் நைனா.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "அப்ப நாம சொன்னதுதான கரெக்ட், நைனா?"

"கரெக்ட்தாம்மா."

என் தலையைத் தடவ நீட்டிய கையை அந்த அக்கா, நைனாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் கனகம்மாசத்திரம் பஸ் வந்துவிட்டது. ஜன்னல் சீட் பிடிக்க ஓடினேன்.